குவைத்துக்குப் போன நர்சம்மா
மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சொந்த உழைப்பில் மூன்று லாரி வாங்கினேன். ஆளைப் பார்த்தால் எடை போட்டுவிடுவேன். அந்த நர்சம்மாவை மட்டும் முடியவில்லை.

லாரி கவிழ்ந்து கால் முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஒல்லியான உருவம். எதைத் தொட்டாலும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கண்டவர் உடம்பைத் தொடுகிற வேலை என்று எங்கள் ஏரியூர்ப் பக்கம் அவரைப் பெண் கேட்க ஆளில்லை.

சில வருஷம் கழித்து அவருக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஒரே வாரத்தில் மூன்று வரன் வந்ததாம். நான்காவதாக, என் தம்பிக்குக் கேட்க நான் போனேன்.

“படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு உங்க தம்பி பெட்பேன் எடுப்பாருங்களாண்ணா?” என்றார்.

“அவன் எதுக்குங்க எடுக்கணும்? எங்க வூட்டுல அதுக்கெல்லாம் ஆள் வெச்சுக்குவோமுங்க நர்சம்மா.”

“உங்களுக்கு இருபது நாளு எடுத்தது நாந்தானுங்களே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காப்பி கொடுத்தார். வாசல்வரை வந்து, “காலு இன்னும் வலிக்குதுங்களா?” என்று விசாரித்தார். வலித்தது, இல்லை என்றேன்.

அடுத்த மாதம் தனியாகவே விமானம் ஏறிவிட்டார். முடியாது என்று என்னிடம் அவர் சொல்லவே இல்லை. தட்டிக்கழிக்கத்தான் அப்படிக் கேட்டாரா, நிஜமாகவே பதில் எதிர்பார்த்தாரா? தம்பியையே கேட்டுச் சொல்கிறேன் என்று அன்று எனக்கு ஏன் வாயில் வரவில்லை?