உலகப் பட்டியலில் மாமாவின் பெயர்

நான் சேர்ந்திருக்கும் மாடித்தோட்ட இணைய மன்றத்தில் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவர் பாகற்காய் ராஜா, இன்னொருவர் மண்புழு மன்னன். செடியைப் படம் பிடித்துப் போட்டால் அடுத்த நிமிடமே என்ன நோய் என்று சொல்லிவிடுகிறார்கள், அதுவும் அழகாகத் தமிழ் எழுத்திலேயே. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் போன வருஷம் டைபாய்டில் மூன்று வாரம் படுத்துக் கிடந்து, எழுந்து போய்ப் பார்த்தேன். என்னைக் காணோமே என்று ஒரு மண்புழுகூடக் கேட்டிருக்கவில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் சின்னம்மா நடத்திய கம்ப்யூட்டர் போர்டு மூன்றே மூன்று நாள் நின்றுபோனதற்கு ஆட்கள் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். இந்தப் பெருமையை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அது நின்றதற்குக் காரணமே நான்தான் என்பதை மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சொல்வேன்.

அத்தா வளைகுடாவில் வேலை பார்த்ததால், நானும் அம்மாவும் திருச்சி பெரிய கடை வீதியில் மாமா வீட்டில் இருந்தோம். கீழே மாமாவின் இரும்புச் சாமான் கடை, மேலே வீடு. அம்மாவின் தங்கையான சின்னம்மா அப்போதுதான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தார். அத்தா ஒரு விடுமுறைக்கு வந்தபோது சின்னம்மாவுக்கு மோடம் ஒன்று வாங்கி வந்தார். அதைக் கம்ப்யூட்டருக்கும் வீட்டு டெலிபோனுக்கும் நடுவில் இணைத்து, ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஏழெட்டுப் பேருக்காகச் சின்னம்மா ஒரு செய்திப் பலகையைத் திறந்தார். நாங்கள் அதைப் போர்டு என்போம்.

ஒரு போன் லைன்தான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரமுடியும். ஆளுக்கு இருபது நிமிஷம். வந்தவர் மற்றவர்கள் எழுதியதைப் படித்து, தம் பங்குக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து படிப்பார். வெளியூர்க் கடிதங்களையெல்லாம் சின்னம்மாவின் மெஷின் மூட்டை கட்டி, விடியற்காலையில் சென்னைக்குப் போன் போட்டு இறக்கிவிடும். அங்கிருந்து அவை உலகமெல்லாம் போகும். பதில் வர மூன்று நாளாகும். அதனால் யாரும் யாரையும் திட்டிக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை. கோபம் சென்னை போய்த் திரும்புவதற்குள் ஆறிவிடும்.

ஊர் ஊராக இப்படிப் போர்டுகள் சேர்ந்த இந்த வலைப்பின்னலில் சொந்தப் பெயரில்தான் எழுதவேண்டும் என்பது சட்டம். எல்லா ஊர்ப் போர்டுகளும், நடத்துகிறவர் பெயரும், போன் நம்பரும் ஒரு பெரிய பட்டியலில் வாராவாரம் வரும். திருச்சிக்கு எதிரே இருந்தது மாமாவின் பெயர். போன் கனெக்‌ஷன் அவர் பெயரில் இருந்தது. வயசுப்பெண் பெயரை நம்பரோடு உலகத்துக்குக் கொடுக்க வீட்டில் யாருக்கும் மனசில்லை. பேர்தானே, போட்டுக்கோ என்று மாமா சொல்லிவிட்டார். அந்த மெஷினை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. சின்னம்மா எழுதிய அத்தனை பதிலுக்கும் கீழே மாமாவின் பெயர் இருக்கும். உலகப் பட்டியலில் எங்கள் மாமா இருக்கிறார் என்று நான் ஸ்கூல் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

எனக்கு இருந்த ஒரே குறை வெள்ளிக்கிழமை. ஸ்கூல் விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் அத்தாவின் போன் வரவேண்டும். போர்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் அத்தாவுக்கு லைன் கிடைக்காது. இரண்டு வெள்ளிக்கிழமை தொடர்ந்து அப்படி ஆனது. மூன்றாவது வாரம், வியாழக்கிழமையே, மோடத்துக்குக் கரண்டு கொடுக்கும் அடாப்டரைக் கழற்றி என் ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டேன். அந்த அடாப்டர் திருச்சியில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை அத்தா பேசினார். எடுத்ததும் போர்டு நல்லா ஓடுதா என்றுதான் கேட்டார். நல்லா ஓடுதுத்தா என்றேன்.

சின்னம்மா வீட்டையே புரட்டிப்போட்டார். சென்னையிலிருந்து கூப்பிடும்போது சில நாள் தொடர்ந்து பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து திருச்சியை அடித்துவிடுவார்கள். அந்த பயத்தில் அவர் சாப்பிடவில்லை. அந்தப் பொட்டியைத் தூக்கிக் காவிரியில் போட்டுவிடுவேன் என்று மாமா முன்பு பலமுறை சொல்லியிருந்ததால், அவர்தான் ஒளித்துவிட்டார் என்று முடிவுகட்டி அவரோடு பேச்சை நிறுத்தினார். செய்யாத குற்றத்துக்கு மாமாவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.  அடாப்டர் மட்டும் என் பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை போர்டுக்காரர்கள் விசாரிக்கப் போன் செய்தார்கள். நான்தான் ஓடி ஓடி எடுத்தேன். ஸ்கூல் லீவ் லெட்டரில் எழுதும் காரணம்தான் வாயில் வந்தது. மாமாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் மூடியிருக்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா கடையில் ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். நெற்றியில் திருமண், கையில் ஆரஞ்சுப் பழப் பை. டெலிபோன் டைரக்டரியில் விலாசம் பார்த்து ஸ்ரீரங்கத்திலிருந்து வருவதாகச் சொல்லி, மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "திருமேனி பாங்கா ஸ்வாமி?" என்றார். உடம்பு சௌக்கியமா என்று அவர்கள் வழக்கத்தில் கேட்டிருக்கிறார். மாமா விழித்தார். அதற்குள் மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர் ஒருவரும் சாத்துக்குடியோடு வந்துவிட்டார். இருவரும் போர்டில் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டவர்கள், நேரில் அன்றுதான் பார்க்கிறார்கள். பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு மாமாவைப் புகழ ஆரம்பித்தார்கள். மில் கணக்கு மொத்தமும் அழிந்துபோனபோது நான்கு நாள் கடிதம் கடிதமாக எழுதி மீட்டுக்கொடுத்தது நீங்கள்தான் என்றார் மில்காரர். உம்மைப்போல் பொறுமையாகச் சொல்லித்தருபவரை நான் பார்த்ததில்லை என்றார் ஸ்ரீரங்கத்துக்காரர். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா தராசைக் கீழே வைத்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது நான் இல்லைங்க. பேரு மட்டுந்தான் என்னுது. எழுதினது, சொல்லிக்கொடுத்தது எல்லாம் என் தங்கச்சி," என்றார். மாடிப் பக்கம் திரும்பி, "கீழே வாம்மா, உன்னைத்தான் பார்க்க வந்திருக்காங்க," என்று கூப்பிட்டார்.

சின்னம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியில் நின்றார். ஸ்ரீரங்கத்துக்காரர் கைகூப்பினார். ஒரு வருஷமா அண்ணே அண்ணேன்னு எழுதியிருக்கேனே என்று மில்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், உடம்பு சரியில்லை என்று போனில் சொன்ன சின்னப் பெண் யார் என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேலே போய்ப் பையைக் கவிழ்த்து அடாப்டரைக் கொண்டுவந்து கொடுத்து, வெள்ளிக்கிழமை அத்தாவின் போனுக்காகத்தான் எடுத்தேன் என்றேன். அடி விழவில்லை. சின்னம்மா அதை வாங்கிக்கொண்டு மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்டை நிறுத்திவைக்கலாமே, இதை முன்னாடியே கேட்டிருந்தால் செய்திருப்போமே என்று வந்தவர்கள் என்னிடம் சொன்னார்கள். அப்படியே செய்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்த பட்டியலைச் சின்னம்மா திரையில் காட்டினார். திருச்சி இருந்தது. எங்கள் நம்பர் இருந்தது. அதற்கு எதிரே மாமாவின் பெயர் இல்லை, சின்னம்மாவின் பெயர் இருந்தது. அப்படி மாற்றச் சொல்லி மாமாதான் அவரை உட்காரவைத்துச் சென்னைக்கு எழுதவைத்தாராம். பார்க்கிற வரை மாமா கடைக்குக்கூட இறங்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். உலகத்துக்கே தெரிந்த ஒரு மனிதரின் பெயரை இப்படி அடித்துவிட்டார்களே, அது புரியாமல் சிரிக்கிறாரே என்று, அவருக்காக நான் அன்று முழுக்க அழுதேன்.