சேவியர் அண்ணனின் தமிழ் ஷோ

சேவியர் அண்ணன் இறந்துவிட்டார்.

இன்று காலை ஏழரைக்கு அவர் நம்பரிலிருந்தே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு மெசேஜ் வந்தது. இந்த வாரப் படத்தின் நேரமாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். அப்பா போய்விட்டார் என்று மகள் ஷாரன் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள். மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது.

தெரியாதவர்களுக்கு... என் பழைய ஆபீஸில் டிரான்ஸ்போர்ட் பிரிவில் இருந்தவர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் குடும்பம், வீடு சைனிக்புரியில். அவர் தமிழில் ஹவ் (ஆமாம்), கைக்கு (எதற்கு), நக்கோ (வேண்டாம்) என்று ஊர் உருதுவும் கலந்து வரும்.

நான் பார்த்தவர்களிலேயே எல்லாப் படமும் பிடித்த ஒரே மனிதர். எல்லாப் படமும் என்றால், எல்லாப் படமும்.

நானெல்லாம் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு படத்தைப் பற்றி, திங்கட்கிழமை கேன்டீனில் கேட்டேன். "அதுல என்னண்ணே இருக்கு?"

"ஹவ், நீ கவனிக்கல பா. வில்லன் சாகறதுக்கு முன்னாடி செருப்ப ஒழுங்கா ஜோடி சேத்து வெக்கறான். அது ஒண்ணு போதாதா?"

போதாது என்றுதான் அன்று நினைத்தேன்.

பாட்டு விஷயத்திலும் அப்படியே. அவருக்கும் ஷாரனுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவள் தரும் ராக் ஆல்பத்தை அவர் ஒரு பாட்டைக்கூடத் தள்ளிவிடாமல் கேட்க வேண்டும். பதிலுக்கு அவள் ஒரு தமிழ்ப் படம், முழுப் படம், போனை எடுக்காமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மதியம் மகளின் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவார். முகத்தில் தேர்வு எழுதுகிற தீவிரம். கத்தல்தானே அண்ணே என்றேன் ஒருமுறை.

"கத்தறான்னு சொல்லாத. மொத பாட்டுல கத்தறான், ஆறாவதுல கெஞ்சறான். நடுவுல அவன் வீட்ல என்ன ஆச்சுன்னு யோசிச்சியா நீ?"

யோசிக்கவில்லை. அன்று மாலை அந்த ஆல்பத்தைக் கேட்டேன். ஆறாவதில் கெஞ்சத்தான் செய்கிறான்.

இனி நான் எழுத விரும்பாத பகுதி.

ஹைதராபாத்தில் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசிக்கொண்டுதான் வரும். தமிழில் ஓடுவது ஊருக்கே ஒன்றிரண்டு திரை, நாளைக்கு ஒரு காட்சி. வெள்ளிக்கிழமை ஆள் குறைந்தால் சனிக்கிழமை அதுவும் தெலுங்காகிவிடும். சேவியர் அண்ணன் வாராவாரம் குழுவில் பேர் சேர்ப்பது இதற்காகத்தான். நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு படத்தின் முதல் காட்சியை வியாழக்கிழமையே பார்த்துவிட்டு, இதே முகநூலில் நான்கு வரி எழுதினேன். உங்களில் பலர் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். யாரோ அதை எங்கள் குழுவிலும் போட்டார்கள். வெள்ளிக்கிழமைக் காட்சிக்கு வருகிறேன் என்று பேர் கொடுத்திருந்த பதினான்கு பேர் மூன்று பேரானார்கள்.

சனிக்கிழமை ஷாரனைக் கூட்டிக்கொண்டு ஹப்சிகுடா தியேட்டருக்குப் போனவரிடம், தமிழ் ஷோ எடுத்தாயிற்று, தெலுங்கு இருக்கிறது, உட்காருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"நல்லா எழுதற பா. நானே சிரிச்சுட்டேன். ஒரே ஒரு ரெக்வெஸ்ட். சண்டே ஷோ முடியட்டும், அப்பறம் எவ்ளோ வேணா திட்டு."

ஏனென்று கேட்டேன்.

"எம் பொண்ணு தமிழ் கேக்கறது ரெண்டே பேர் கிட்ட. நானு, அவ அம்மா. நாங்க பேசறது என்ன? சாப்ட்டியா, படிச்சியா, ஃபேன ஆஃப் பண்ணு. இதுக்கு கைக்கு தமிழ்ல பதில் சொல்லுவா? தமிழ்ல சண்ட போடலாம், லவ் பண்ணலாம், அழகா பொய் சொல்லலாம்... இதெல்லாம் அவளுக்கு யாரு காட்டறது? டப்பிங் நக்கோ பா."

சரி, உண்மையிலேயே அந்தப் படங்களெல்லாம் உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். விமர்சகன் அல்லவா...

"மொதல்ல புடிச்சிருக்குன்னு சொல்லிடுவேன். அப்பறம் போய் உக்காந்து தேடுவேன். கெடைக்கும் பா, எங்கயாவது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. விமர்சனத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றினேன். ஏன் இவ்வளவு லேட் என்று இரண்டு வருடமாகக் கேட்கும் நண்பர்களுக்கு இதுதான் பதில். படத்தை ஆறப்போட்டு யோசிக்கிறேன் என்று நான் சொன்னது பொய்.

மதியம் சைனிக்புரி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நிறைய செருப்புகள். உள்ளே ஜெபம். ஷாரன் வெளியே வந்தாள், கையில் அப்பாவின் போன்.

"அங்கிள், ஃப்ரைடே ஷோகி எந்தமந்தி ஒஸ்துன்னாரு?"

எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெலுங்கில் கேட்கிறாள்.

பக்கத்தில் நின்ற அத்தை அதட்டினார். "ஏய், இப்ப கேக்கற கேள்வியா இது?"

"டாடி லிஸ்ட்ல பேரே லேது ஆன்ட்டி," என்றாள். போனை என் பக்கம் திருப்பினாள். நேற்று இரவு அவர் போட்ட மெசேஜ். கீழே ஒரு பேர்கூட இல்லை. என் பேரும் இல்லை.

"பதினாறு பேர்மா," என்றேன்.

அவள் பதினாறு என்று டைப் செய்துகொண்டு உள்ளே போனாள். நீ வருவாயா என்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் குழுவில் உள்ளவர்களுக்குப் போன் செய்து பார்த்தேன். இதுவரை என்னோடு சேர்த்து நான்கு பேர்.

அடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால், ஹப்சிகுடா. தமிழ். குகட்பள்ளிக்காரர்கள் மெட்ரோவில் வந்து அமீர்பேட்டில் மாறிக்கொள்ளலாம். கமென்ட்டில் பேர் சொல்லுங்கள். பன்னிரண்டு பேர் வேண்டும்.

படம் பிரமாதம். நான் இன்னும் பார்க்கவில்லை.

போய்ட்டு வாங்கண்ணே.