ஆம்ப்ரோஸ் கிட்டில்சன் வைத்த பொறி

நண்பகல் பன்னிரண்டு அடித்தால் போதும், ஆம்ப்ரோஸ் கிட்டில்சனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். பசி என்று நினைத்தால் அது தப்பு. அந்த நேரத்தில் வில்லோ ஃபோர்க் ஊரின் பெரிய தெருவில் ஈ காக்காய் இருக்காது. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுக்கு வீடு வானொலி பேசிக்கொண்டிருக்கும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாலும், கூரியர் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற வழி நெடுக அது காதில் விழும். முடிவெட்டும் கடையில் தொடங்கி பாதிரியார் வீடு வரை, காலையில் அவர் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வாக்கியங்கள் வரிசையாக வரும். எழுதியது இவர். படிப்பது ராய்ஸ் ஹால்டேன்.

இந்த ராய்ஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்பு வரை செருப்புக் கடையில் கிழவிகளின் காலை அளந்துகொண்டிருந்த பையன். தேவாலயத்தில் பாடுவான். பெக்கர் விதைக்கடைக்காரர் தன் விதைகளை விற்பதற்காகக் கடை மாடியில் ஒரு வானொலி நிலையம் வைத்தார். அந்தக் காலத்தில் அயோவா மாநிலத்தில் விதை விற்கிறவன், கோழி மருந்து விற்கிறவன் எல்லோரும் வானொலி வைத்திருந்தார்கள். செய்தி படிக்க ஆள் வேண்டும் என்றதும் பெக்கர் முதலில் கூப்பிட்டது ஆம்ப்ரோஸைத்தான். இருபது வருஷமாக ஊருக்குச் செய்தி சொன்ன ஆளாயிற்றே! ஆம்ப்ரோஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். மைக் முன்னால் நின்று இரண்டு வரி படித்தார். எண்ணெய் போடாத அடிபம்பு மாதிரி ஒரு குரல் வந்தது. பெக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல ஆம்ப்ரோஸ், எழுத்துதான உனக்கு வசம்" என்றார். மறுவாரம் ராய்ஸ் வந்தான். வாயைத் திறந்தான். பால் விலை ஏறியது என்று அவன் சொன்னால்கூடப் பெண்கள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஆம்ப்ரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் அந்தப் பயலுக்குச் செய்தி எங்கிருந்து வந்தது? கூரியர் காலை பத்து மணிக்கு அச்சாகும். ராய்ஸ் ஒரு பிரதி வாங்குவான், மாடி ஏறுவான், பன்னிரண்டு மணிக்கு அப்படியே வாசிப்பான். "செய்தி வந்திருக்கிறது" என்று தொடங்குவான். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டான். பண்ணை வீடுகளுக்குக் கூரியர் தபாலில் மறுநாள்தான் போய்ச் சேரும். அதற்குள் எல்லாம் கேட்டு முடிந்த கதையாகியிருக்கும். சந்தா கட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்த ஆரம்பித்தார்கள்.

ஊர் கிடக்கட்டும். வீட்டில் என்ன நடந்தது? தோரா, ஆம்ப்ரோஸின் மனைவி, உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே வானொலிப் பக்கம் காதைச் சாய்த்திருப்பாள்.

"தோரா, இன்னிக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சுன்னா..."

"ஷ்! கொஞ்சம் சும்மா இரு, ராய்ஸ் படிக்கறான்."

"அடியே, அதை எழுதினதே நான்தான்!"

"தெரியுது. காலைல பேப்பர்ல பார்த்தேனே. அவன் படிக்கும்போதுதான் மனசுல போய் ஒக்காருது, நான் என்ன செய்ய?"

பொறாமை என்றால் இப்படி அப்படி இல்லை. அடுத்தவன் காரைப் பார்த்துப் படுகிற பொறாமை தூங்கி எழுந்தால் போய்விடும். இது தன் சொந்த வாக்கியத்தின் மேலேயே படுகிற பொறாமை. தான் பெற்ற பிள்ளை அடுத்த வீட்டுக்காரனை அப்பா என்று கூப்பிடுவதைத் தினமும் கேட்பது எப்படி இருக்கும்?

ஒருநாள் நேரிலேயே போய்ச் சண்டை போட்டார். ராய்ஸ் எழுந்து நின்று நாற்காலி போட்டான். அந்த மரியாதையும் ஆம்ப்ரோஸுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன்டா திருடறே?"

"ஐயோ மிஸ்டர் கிட்டில்சன், செய்தி எல்லாருக்கும் பொதுதானே? ஒரு வீட்ல தீப்பிடிச்சா அது உங்களுக்கு மட்டும் சொந்தமா? கோவப்படாதீங்க. காபி குடிக்கறீங்களா?"

"உன் காபியை நீயே குடி!"

பத்திரிகை முதலாளி வென்ட் கையை விரித்தார். "கோர்ட்டுக்குப் போகலாம்யா. ஆனா அவன் நானே விசாரிச்சேன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே? ஆதாரம் வேணும்."

ஆதாரத்துக்குப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. நடக்காத ஒன்றை, இல்லாத ஒரு ஆளைச் செய்தியாக ஒரு மூலையில் போட்டு வைப்பது. அது அடுத்தவன் வாயில் வந்தால் திருடன் அகப்பட்டான். எங்கேயும் போய் விசாரித்தேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் விசாரிக்க ஆளே இல்லை. பெரிய நகரத்துப் பத்திரிகைகள் செய்ததுதான். ஆம்ப்ரோஸும் வென்ட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிவு செய்தார்கள். முப்பத்து நாலாம் வருஷத்து ஜனவரி அது. வெளியே பனி இறுகிக் கிடந்தது.

ஒரு காணாமல் போன பசுமாடு போதும் அதற்கு. ஆனால் எழுதுகிற கையை வைத்துக்கொண்டு எந்த மனுஷன் சும்மா இருந்தான்? மாடு, மனிதனாயிற்று. எல்மர் டோர்விக் என்று பெயர் வைத்தார். பிளம் கிரீக் பாதையில் புதிதாகக் குடிவந்தவன். தண்ணீர் இறைக்கிற காற்றாடிக் கோபுரத்தில் ஏறிப் பனிக்கட்டியைத் தட்டும்போது கால் வழுக்கி விழுந்து செத்தான். அதற்கு மேல் தன்னை நிறுத்திக்கொள்ள முடியவில்லை. ஒரு இளம் மனைவியைக் கொடுத்தார், மூன்று சிறு குழந்தைகளைக் கொடுத்தார், அடுப்புக்கு விறகு இல்லாமல் செய்தார். எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் வந்திருந்தது.

அச்சுக் கோர்க்கிற கஸ் பிரெண்டல் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "யாரு இந்த டோர்விக்? அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத ஆளா?"

"புதுசா வந்தவங்க. நீ கோரு."

அன்று மதியம் ஆம்ப்ரோஸ் வழக்கத்தைவிட வேகமாக நடந்து வீட்டுக்குப் போனார். கையைக்கூடக் கழுவாமல் மேஜையில் உட்கார்ந்தார். விதை விளம்பரம் முடிந்தது. பன்றி விலை முடிந்தது. பிறகு ராய்ஸ், "துக்கமான செய்தி ஒன்று வந்திருக்கிறது" என்றான்.

பொறியில் விழுந்தான்! ஆம்ப்ரோஸ் மேஜைக்கடியில் தொடையில் தட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தான் பாவி. காற்றாடி, பனிக்கட்டி, மூன்று குழந்தைகள். விறகு இல்லை என்ற இடத்தில் அவன் குரல் லேசாகத் தடுக்கியது. ஒரு நொடி நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மீதியைப் படித்தான்.

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்த்தார். தோராவின் கரண்டி அப்படியே நின்றிருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன தோரா இது? காலைல பேப்பர்ல இருந்துச்சே, படிக்கலையா?"

"படிச்சேன்."

"அப்ப அழலையே?"

"அப்ப ஏதோ ஒரு சாவுன்னு பக்கத்தைத் திருப்பிட்டேன். இப்பத்தான் அந்தப் பொண்ணு கண்ணு முன்னாடி வந்து நிக்கறா." இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பில் மாலைக்கென்று வெந்துகொண்டிருந்த பீன்ஸும் பன்றிக்கறியும் இருந்த பெரிய சட்டியை வெளியே எடுத்தாள்.

சொல்லியிருக்க வேண்டாமா அந்த மனுஷன்? வாயைத் திறந்து, "அடியே, அப்படி ஒருத்தியே கிடையாது, நான்தான் கட்டி விட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டாமா? நாளைக் காலைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வரவேண்டிய விஷயம், இப்போது தோராவிடம் சொன்னால் மதியம் இரண்டு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. தன் எழுத்துக்கு வராத கண்ணீர் அவன் குரலுக்கு வந்ததே என்ற எரிச்சலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ரோடு வழுக்குது, போகாதே" என்று மட்டும் சொன்னார்.

"ஒருத்தி பிணத்தை வச்சுக்கிட்டு மூணு குழந்தையோட குளிர்ல ஒக்காந்திருக்கா. நீ வழுக்குதுங்கறே. நல்லா இருக்கு ஆம்ப்ரோஸ்!"

வில்லோ ஃபோர்க்கில் சாவு என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, ஊர்ச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். செய்தி காதில் விழுந்த ஒரு மணி நேரத்தில் லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் கார்களில் ஏறிவிட்டார்கள். துணி மூடிய சட்டிகள், ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம், ரொட்டி, குழந்தைகளின் பழைய கம்பளிகள். கஸ்ஸின் மனைவி விறகுக்கட்டையே ஏற்றிக்கொண்டு போனாள். ஆம்ப்ரோஸ் அலுவலக ஜன்னலிலிருந்து அந்தக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்தார். இருபது வருஷம் எழுதினாரே, அவர் எழுத்தைப் படித்துவிட்டு ஒரு கார் அந்தத் தெருவில் இப்படிக் கிளம்பியதுண்டா? உட்கார்ந்து அம்பலப்படுத்தும் கட்டுரையை ஆங்காரமாக எழுதினார்.

கஸ் அந்தத் தாளை வாங்கிப் படித்தான்.

"என் பொண்டாட்டி இப்ப அங்கதான் போயிருக்கா ஆம்ப்ரோஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"திருடனைப் பிடிக்கணுமா வேண்டாமா?"

கஸ் எழுத்தைக் கோர்க்க ஆரம்பித்தான். அவன் வேலை அது.

தோரா இருட்டும் நேரத்தில் வந்தாள். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. சட்டி மூடிய துணியோடு அப்படியே திரும்பி வந்தது. "வீடு வீடா கேட்டோம். யாருக்கும் தெரியல. பிணத்தை வச்சுக்கிட்டு எங்கயோ தனியா இருக்காங்க பாவம். நாளைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பாக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே அடுப்பண்டை உட்கார்ந்து, கையை நெருப்பில் காட்டிக்கொண்டு அழுதாள். ஆம்ப்ரோஸ் அவள் கையைத் தேய்த்துவிட்டார். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கூரியர் வெளிவந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: செய்தித் திருடன் பிடிபட்டான். ஆம்ப்ரோஸ் தொப்பியைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கை குலுக்க ஆள் வரும் என்று எதிர்பார்த்தார். முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தார். கத்தியைப் பிடித்திருந்த கடைக்காரன் நெல்ஸ் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப நீ பேப்பர்ல பொய் எழுதினே?"

"பொய் இல்ல நெல்ஸ், பொறி! அவன் திருடறான்னு காட்டறதுக்கு."

"அவன் திருடறது ஊருக்கே தெரியுமே, இதுல காட்டறதுக்கு என்ன இருக்கு? நீ பொய் எழுதுவேன்னுதான் யாருக்கும் தெரியாது."

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த ஆள் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆம்ப்ரோஸ் வெளியே வந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ராய்ஸ் பேசினான். விளம்பரம் எதுவும் போடவில்லை. "நேத்து நான் படிச்ச செய்தியைக் கூரியர்லேர்ந்து கேக்காம எடுத்தேன். உண்மையான்னு ஒரு போன் போட்டு விசாரிக்கல. உங்களை அந்தக் குளிர்ல அலைய விட்டது நான்தான். எங்கம்மாவும் போயிருந்தாங்க. மன்னிச்சிடுங்க. இனிமே விசாரிக்காம ஒரு வரி படிக்க மாட்டேன்" என்றான்.

ஆறு வாக்கியம். அதையும் எழுத்தாளன் காதோடு கேட்டார் ஆம்ப்ரோஸ். 'எங்கம்மாவும்' என்ற இடத்தை எங்கே வைத்தான் பார், படுபாவி! இதை நான் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று நினைத்தார். அப்படி ஒரு மன்னிப்பைத் தானும் எழுத வேண்டும் என்று மட்டும் கடைசி வரை அவருக்குத் தோன்றவில்லை.

தோரா அவரிடம் கத்தவில்லை. "நான் கையை நெருப்புல காட்டிக்கிட்டு அழுதப்பவும் தெரியும் உனக்கு, இல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் ஆமென்று தலையசைத்தார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வென்ட் வழக்குப் போடவில்லை. பெக்கரோடு சமாதானமாகிவிட்டார். கூரியர் பெயரைச் சொல்லித்தான் ராய்ஸ் படிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஆம்ப்ரோஸ் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். தினமும் பன்னிரண்டு மணிக்கு, "கூரியர் எழுதுகிறது" என்று ஊர் முழுக்க ஒலித்தது. செய்தி முடிந்ததும் ராய்ஸ் ஒரு வரி சேர்ப்பான்: "நாங்களும் விசாரிச்சோம், உண்மைதான்."

மார்ச் மாதம் ஒருநாள், அடுத்த தெருவில் இருந்த ஹில்மா ஓஸ்ட்பி காலையில் இறந்துபோனாள். தோராவோடு முப்பது வருஷம் தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஆம்ப்ரோஸ் அந்த வீட்டுக்கே போய், கட்டிலில் அவளைப் பார்த்து, அவள் மகனோடு பேசிவிட்டு, நேராக வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"தோரா, ஹில்மா போயிட்டா. இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

தோரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் வானொலியைத் திருகிவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.