சித்தப்பாவின் கம்ப்யூட்டரும் கற்பூரச் சத்தியமும்

எங்கள் வீட்டில் கற்பூரம் இரண்டு காரியங்களுக்கு வாங்கப்பட்டது. ஒன்று சாமி கும்பிட, மற்றது விசாரணைக்கு. ஏதாவது காணாமற்போனால் சித்தப்பா எல்லோரையும் சாமியறையில் நிறுத்தி, கற்பூரத்தைக் கொளுத்தி, ஒவ்வொருவராகக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார். பொய்ச்சத்தியம் பண்ணினால் கண் போய்விடும் என்பது புத்தூரில் பத்து வயதுப் பிள்ளையான எனக்கும் தெரிந்த சட்டம்.

ஊரில் அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். கொழும்பிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு மாதமாகப் பாடங்களைத் தட்டிக்கொண்டிருந்தார். மார்கழியில் அந்தப் பாடங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

முதலில் கரண்டைச் சந்தேகித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணூறை. கடைசியில் கொழும்பிலிருந்த நண்பர் ஒருவர் கடிதம் போட்டார்: சில விளையாட்டுகள் அப்படித்தான், நாம் விளையாடிக்கொண்டிருக்க அவை பின்னால் நின்று எல்லாவற்றையும் அழிக்கும், வெளி டிஸ்க் ஏதும் போட்டீர்களா? அன்றிலிருந்து நான் தேத்தண்ணி கொண்டுபோனாலும் சித்தப்பா என் விரல்களைத்தான் பார்த்தார்.

போட்டது நான்தான். அக்காவின் பௌதிகப் புத்தகத்துக்குள் ஒரு கறுத்த டிஸ்க் இருந்தது. சித்தப்பா வேலைக்குப் போனதும் அக்கா அதைப் போட்டு எதையோ வாசிப்பாள். நான் கிட்டப் போனால் உடனே திரையில் கார் ஓடும். அவள் இல்லாத நேரங்களில் நானும் களவாக அந்தக் காரை ஓட்டினேன்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அம்மா முதலில் அணைத்தாள். "எனக்கு உந்தக் கம்ப்யூட்டரை எப்பிடிப் போட்டு நூர்க்கிறதெண்டே தெரியாது, தம்பி," என்றாள். அடுத்தது நான். கண்ணா, அடியா என்று யோசித்தேன். கண்தான் பெரிதாகப் பட்டது.

"அக்காவின்ரை புத்தகத்துக்கை..." என்று தொடங்கினேன்.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து கற்பூரத்தில் அடித்தாள். "நான்தான் போட்டனான், சித்தப்பா. அவளுக்கு ஒண்டும் தெரியாது."

"ஆர் தந்தது?"

"சாவகச்சேரிச் சந்தையடியிலை கிடந்து எடுத்தனான்."

கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் டிஸ்க் கிடக்குமா என்று சித்தப்பா கேட்டிருக்க வேண்டும். ஆனால் கற்பூரம் அணைந்துவிட்டது. அதற்குமேல் கேட்பது சாமியைச் சந்தேகிப்பது. அவர் அக்காவின் கன்னத்தில் ஒன்று கொடுத்ததோடு நிறுத்தினார். எனக்காக அடி வாங்கிய அக்காவில் எனக்கு அன்று வந்த பாசம் கொஞ்சமல்ல.

மறுநாள் சித்தப்பா, கம்ப்யூட்டரோடு வந்த முதல் டிஸ்க்கைப் போட்டு இயக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்தார். வீட்டிலிருந்த மற்ற டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக வெறுமையாக்கினார். அக்காவினுடையது கடைசியில் வந்தது.

அக்கா கதவடியில் நின்றாள். "உந்த டிஸ்க்கை அழிக்காமல் விடேலாதே, சித்தப்பா? நான் இனி போடமாட்டன்."

"நஞ்சை வீட்டுக்கை வைச்சிருக்கிறதே?"

எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. எனக்கு ஒரு குற்றமும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டதால், சித்தப்பா என்னைக் கூப்பிட்டு மடியில் இருத்தினார். "நீ அமத்து, பிள்ளை."

பெருமையோடு விசையை அமத்தினேன். திரும்பி, "பார் அக்கா, இப்ப புதுசு மாதிரி," என்றேன். அக்கா அழுதுகொண்டே குசினி அடுப்படிக்குப் போனாள். ஒரு காருக்காக இவ்வளவு பெரிய பெட்டை அழுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கார் ஓடிய டிஸ்க்கில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் பதினொரு கடிதங்கள் இருந்தன. அவற்றை எழுதி டிஸ்க்கைத் தந்தவர் அவளோடு யாழ்ப்பாணத்தில் படித்தவர். அந்தக் கார்த்திகையில்தான் நாட்டைவிட்டுப் போயிருந்தார். பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. அவருடைய பெயர் வெளியே வராமலிருக்கத்தான் அக்கா கற்பூரத்தில் கை வைத்தாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது எனக்கே பிள்ளைகள் இருந்தார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா காரணமில்லாமல் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை என்பதும், அதற்காக நான் அம்மாவிடம் போய் அவளைப் பற்றிக் கோள் சொன்னேன் என்பதும்தான்.