லோட்டேயைக் கட்டியது யார்

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது அப்பா சனிக்கிழமைகளில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்தார். ஜெர்மனியில் நாங்கள் இருந்த கெல்சென்கிர்ச்சன் நகரத்தின் வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் அந்த லாயம் இருந்தது. மற்ற நாட்களில் அவருக்குக் கிடங்கொன்றில் வேலை. லொறிகளில் சாமான் ஏற்றி, வழியில் அது சரியாதபடி கட்டிவிடுவார். சனிக்கிழமைகளில் குதிரைச் சாணம் அள்ளினார். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை உயிருள்ள குதிரை ஒன்றை அவர் தொட்டதில்லை. கோயில் திருவிழாவில் மரக்குதிரை வாகனத்தைத் தோளில் சுமந்த அனுபவம் மட்டுமே இருந்தது. அந்தக் குதிரை உதைக்காது, புல்லும் கேட்காது என்று சொல்லிச் சிரிப்பார்.

அம்மா சனிக்கிழமைகளிலும் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போய்விடுவதால் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. தமிழ் வகுப்பு முடிந்ததும் அப்பா வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொள்வார். அம்மா கட்டித் தந்த ரொட்டியையும் சம்பலையும் போகிற வழியில் சாப்பிடுவோம். லாயத்தில் இறங்கும்போது என் பையில் தமிழ்க் கொப்பியும் கைகளில் சம்பல் வாசமும் இருக்கும். குதிரைகளுக்கு அந்த வாசம் பிடிப்பதில்லை. முதலில் கையைக் கழுவிவிட்டு வா என்று அப்பா அனுப்புவார்.

லாயத்தின் சொந்தக்காரிக்கு அறுபது வயதிருக்கும். அங்கே எல்லோரும் அவரைச் செஃபின் என்று அழைத்தார்கள். முதலாளியம்மா என்று பொருள். எங்கள் வீட்டிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. குதிரைகளோடு மெதுவாகவும் மனிதர்களோடு சத்தமாகவும் பேசுகிறவர் அவர். அப்பாவின் ஜெர்மன் கிடங்குக்குப் போதுமானது, செஃபினுக்குப் போதாது. அதனால் அவர் சொல்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்கிற பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. பத்து வயதில் எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

லாயத்தில் பன்னிரண்டு குதிரைகள். அவற்றில் லோட்டே என்ற கிழட்டுப் பெண்குதிரைதான் என் குதிரை. அப்படி யாரும் சொல்லவில்லை, நானாகவே வைத்துக்கொண்டது. ஈர மண்ணின் நிறம், நெற்றியில் வெள்ளைப் புள்ளி, எப்போதும் பாதி மூடிய கண்கள். சவாரி பழக வரும் குழந்தைகளை முதலில் அவள் முதுகில்தான் ஏற்றுவார்கள். நான் ஏறியதில்லை. உடம்பைத் தேய்த்துவிடவும் பிடரி மயிரைச் சிக்கெடுக்கவும் மட்டும் அனுமதி இருந்தது. அவளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் பெரியவர்களின் வேலை.

கட்டுவதற்குச் செஃபின் வைத்திருந்த சட்டங்கள் அப்பாவுக்கு வேடிக்கையாக இருந்தன. முற்றத்துச் சுவரில் தடித்த இரும்பு வளையங்கள் பதித்திருந்தார்கள். ஆனால் குதிரையின் கயிற்றை நேரே வளையத்தில் கட்டக்கூடாது. வளையத்தில் வைக்கோல் கட்டும் மெல்லிய நூற்கயிறு ஒன்றைக் கோத்து, அந்த நூலில்தான் கட்டவேண்டும். குதிரை மிரண்டு பின்னால் இழுத்தால் நூல் அறுந்து அதை விட்டுவிடவேண்டும் என்பது கணக்கு. முடிச்சும் அப்படித்தான், தொங்கும் நுனியைப் பிடித்து ஒருமுறை இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும்.

"அவிழுறதுக்கெண்டே ஒரு கட்டு. பிறகேன் கட்டுவான்?" என்று அப்பா என்னிடம் தமிழில் கேட்டார். இதைச் செஃபினுக்கு மொழிபெயர்க்கவேண்டாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அப்பா செஃபினின் முடிச்சையே நூலில் போட்டார். லோட்டேதான் அவரைக் கைவிட்டாள். ஒரு சனிக்கிழமை, தொங்கிய நுனியை உதட்டால் பற்றி இழுத்து, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, ஒரு சத்தமுமில்லாமல் நடந்துபோய் செஃபினின் காய்கறித் தோட்டத்தில் நின்றாள். நாங்கள் கண்டுபிடித்தபோது ஒரு வரிசைக் கோவாச் செடிகளைத் தின்று முடித்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. செஃபினுக்கு வரவில்லை. தோட்டத்துக்குப் பதிலாகத் தெருவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், நுனியைக் கடைசி வளைவுக்குள் செருகி விடச்சொல்லி எத்தனை தரம் சொன்னேன், குதிரை கட்டத் தெரியாத ஒருவரை வைத்து நான் என்ன செய்வது, இதையெல்லாம் உன் அப்பாவிடம் சொல் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் அப்பாவிடம், "கொஞ்சம் கவனமாக் கட்டச் சொல்லுறா" என்றேன்.

அப்பா கையுறையைக் கழற்றி, உதறி, மறுபடி போட்டார்.

"அவ சொன்னது எனக்கு விளங்கினது, பிள்ளை" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் வரவேற்பறையில் ஒரு கயிற்றுத் துண்டோடு உட்கார்ந்தார். மேசைக்காலில் கயிற்றைச் சுற்றி, உள்ளே விட்டு வெளியே எடுத்து, இன்னொருமுறை சுற்றி இறுக்கினார். லொறிகளில் அவர் போடுகிற முடிச்சு. "இழு பார்ப்பம்" என்றார். நான் இரண்டு கால்களையும் மேசையில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். மேசைதான் நகர்ந்தது.

"இழுக்க இழுக்க இறுகும். இதை ஆராலையும் அவிழ்க்க ஏலாது" என்றார். அவர் முகத்தில் மத்தியானம் தொலைந்தது கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. எனக்கும் காட்டித்தரச் சொன்னேன். நான்கு தரம் பிழைத்து, ஐந்தாவது தரம் சரியாக வந்தது. அந்தக் கிழமை முழுவதும் கதிரைக்கால், கதவுக் கைப்பிடி, பள்ளிப் பை என்று கண்டதிலெல்லாம் கட்டிப் பழகினேன். அவிழ்க்க முடியாமல் அம்மா ஒருநாள் என் பையின் வாரைக் கத்தரிக்கோலால் வெட்டவேண்டி வந்தது. அதற்கும் அப்பா பெருமைதான் பட்டார்.

அடுத்த சனிக்கிழமை மழை பெய்து விட்டிருந்தது. முற்றத்துச் சிமெந்து நனைந்து மினுங்கியது. அப்பா லோட்டேயை வெளியே கொண்டுவந்து, செஃபின் சொன்ன முறையில், நூலில், நுனியையும் மறக்காமல் செருகிக் கட்டினார். இரண்டு தரம் சரிபார்த்தார். என்னிடம் பிரஷைத் தந்துவிட்டு அவள் அறையைத் துப்புரவாக்க உள்ளே போனார்.

நான் கழுத்தைத் தேய்த்து முதுகுக்கு வந்தபோது லோட்டே தலையைத் திருப்பிக் கயிற்றை உதட்டால் துழாவ ஆரம்பித்தாள். செருகிய நுனி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நான் அவள் மூக்கைத் தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தாள். மூன்றாம் தரமும் தள்ளினேன். அவள் அவிழ்த்துக்கொண்டு போவாள், செஃபின் வருவார், நான் மொழிபெயர்க்கவேண்டும், அப்பா கையுறையைக் கழற்றிப் போடுவார். அதை இன்னொருமுறை பார்க்க எனக்கு விருப்பமில்லை. அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. செஃபினின் முடிச்சை அவிழ்த்தேன். நூலை விட்டுவிட்டு, கயிற்றை நேரே இரும்பு வளையத்தில் சுற்றி, உள்ளே விட்டு வெளியே எடுத்து, இன்னொருமுறை சுற்றி இறுக்கினேன். முதல் தரமே சரியாக வந்தது. லோட்டே மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யமுடியாது என்று கண்டதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். நான் மகிழ்ச்சியோடு வாலைத் தேய்க்கப் போனேன்.

வைக்கோல் போரை மூடியிருந்த நீலத் தறப்பாளின் ஒரு பக்கம் காற்றில் கழன்று, வெடித்ததுபோலச் சத்தம் போட்டு மேலே எழும்பியது.

லோட்டே பின்னால் பாய்ந்தாள். கயிறு இறுகித் தலைப்பட்டி அவள் பிடரியை அழுத்த, அந்த அழுத்தத்துக்குப் பயந்து இன்னும் இழுத்தாள். நூல் என்றால் அப்போதே அறுந்திருக்கும். இரும்பு வளையம் அசையவில்லை. நைலோன் தலைப்பட்டியும் அறவில்லை. அத்தனை பெரிய உடம்பு ஒரு கயிற்றில் தொங்கிச் சுவரோடு சண்டைபிடித்தது. ஈரச் சிமெந்தில் பின்கால்கள் வழுக்கி முன்னால் போயின. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். தலை மட்டும் விழ இடமில்லாமல் சுவரில் தொங்கியது. விழும்போது மரக்கொப்பு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அப்பா ஓடி வந்தார். "தள்ளிப் போ! கிட்ட வராதை!" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே வளையத்தடிக்குப் போனார். நுனியைப் பிடித்து இழுத்தார். அது அவிழவில்லை. அப்போதுதான் அவர் முடிச்சைப் பார்த்தார். ஒரு கணம் கைகள் அப்படியே நின்றன. பிறகு விரல்களை உள்ளே விட்டுத் தோண்டத் தொடங்கினார். குதிரையின் பாரம் முழுவதும் கயிற்றில் இருந்தது. அவருடைய நகங்களிலிருந்து இரத்தம் வந்தது. குளம்புகள் அவருக்கு ஒரு சாண் தள்ளிச் சிமெந்தை அடித்தன. அவர் விலகவில்லை.

செஃபின் சேணங்கள் வைக்கும் அறையிலிருந்து கத்தியோடு வந்தார். அப்பாவின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று கயிற்றை அறுத்தார். லோட்டேயின் தலை தரையில் விழுந்தது. எழும்பப் பார்த்தாள். முன்கால்கள் எழும்பின. பின்னங்கால் ஒன்று அவளோடு எழும்பவில்லை.

மிருகவைத்தியர் வந்து பார்த்துவிட்டு, எழுந்து, தலையை ஆட்டினார். செஃபின் என்னிடம் திரும்பினார். அவர் குரல் அன்று சத்தமாக இல்லை. கால் மேலே முறிந்துவிட்டது, இந்த வயதில் பொருந்தாது, நோகாமல் சாக ஊசி போடப்போகிறோம் என்று உன் அப்பாவிடம் சொல் என்றார். நான் சொன்னேன். தமிழில் அதற்கு எந்தச் சொல்லைப் பாவித்தேன் என்பது இன்றைக்கும் நினைவில்லை.

பிறகு செஃபின் அறுந்த கயிற்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். வளையத்தில் எஞ்சியிருந்த முடிச்சையும், பக்கத்தில் அறாமல் தொங்கிய நூலையும் பார்த்தார். இதைக் கட்டியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மொழிபெயர்க்கவா, உண்மையைச் சொல்லவா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் அவசியம் இருக்கவில்லை.

"நான்" என்று அப்பா ஜெர்மனில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

செஃபின் அவரைப் பார்த்து, இனி வரவேண்டாம் என்றார். அதையும் அப்பா தானே விளங்கிக்கொண்டார். என்னைக் காருக்குப் போய் இருக்கச் சொன்னார். மழைத்துளி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வைத்தியர் ஊசியை ஆயத்தம்செய்ய, அப்பா ஈரத்தரையில் உட்கார்ந்து லோட்டேயின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தார். செஃபின் அவரை எழும்பச் சொல்லவில்லை. அவரும் குனிந்து லோட்டேயின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா புண்பட்ட விரல்களோடு காரை ஓட்டினார். ஸ்டியரிங்கில் இரத்தக் கறை பட்டது. நான் லோட்டேக்காக அழுதேன். ஆனால் அழுகைக்குக் கீழே ஓர் ஆறுதலும் இருந்தது, அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்பா தான்தான் கட்டியதாக நினைத்துவிட்டார், அல்லது எனக்காகப் பொய் சொல்லிவிட்டார். எதுவானாலும் நான் தப்பிவிட்டேன்.

அதன்பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் சுற்றுப்பாதையால் காரை விட்டார். செஃபின் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என்னைத் தனியே கூப்பிடும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்கப்போகிறார் என்று பயப்படுவேன். பள்ளிக்கூடத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ கேட்டுவிட்டுப் போய்விடுவார். வளர்ந்தபிறகு பல தடவை சொல்ல நினைத்தேன். கலியாணத்துக்கு முதல்நாள் சொல்லலாம் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். அவ்வளவுதான்.

போன வருடம் அப்பா இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து உறவுக்காரர்கள் புறப்பட்டபின், நானும் அம்மாவும் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். லோட்டேயைக் கட்டியது நான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தார்.

"அது எங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளை. கொப்பா தன்ர கையால நூலிலை கட்டிப்போட்டல்லோ உள்ளை போனவர்."

"பிறகேன் ஒருநாளும் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ ஓம் எண்டு சொல்லவேணுமெல்லோ. அந்தச் சொல்லை உன்ர வாயிலையிருந்து எடுக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டார்." அடுத்த தட்டை எடுத்தார். "அண்டைக்கு நீ குளிக்கப் போன நேரம் இதிலை வந்து நிண்டு அழுதவர். 'நான் காட்டினமாதிரியே கட்டியிருக்கிறாள். ஒரு பிசகும் இல்லை' எண்டு, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னவர்."

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன். இத்தனை வருடமும் அப்பா எனக்காக ஒரு பொய் சொன்னார் என்றும், அந்தப் பொய்யின் மறைவில் நான் வாழ்கிறேன் என்றும் நம்பியிருந்தேன். வளையத்தில் இருந்தது அவர் காட்டித்தந்த முடிச்சு. செஃபின் கேட்ட கேள்விக்கு, யாரும் மொழிபெயர்க்காமல், அப்பா உண்மையான பதிலைத்தான் சொன்னார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.