ஐ ஆம் டிஃபிகல்ட்

சேதராப்பட்டில் பிஸ்கட் பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் ஆரோக்கியசெல்விக்குப் பல வருட சர்வீஸ். வாய் சும்மா இருக்காது. மெஷின் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பு அடுத்த லைன் வரை கேட்கும். போன வருடம் அவளை லைன் லீடர் ஆக்கினார்கள். கூடவே வாரம் ஒருநாள் இங்கிலீஷ் கிளாஸ். நடத்தியவள் ஆபீஸில் வேலை பார்க்கும் பிரியதர்ஷினி.

‘ஐ ஆம் ஹேப்பி டு ஹெல்ப்’, ‘ஐ ஆம் ரெடி டு ஸ்டார்ட்’ என்பதையெல்லாம் முதல் நாளே செல்வி பிடித்துக்கொண்டாள். ‘ஐ ஆம்’ போட்டு, மனசில் இருப்பதைச் சொல்லி, ஒரு ‘டு’ சேர்த்தால் ஆயிற்று. திருவாண்டார்கோயில் வீட்டுக்குள் நுழையும்போதே, “ஐ ஆம் ரெடி டு ஈட்” என்பாள்.

“நானு நாட் ரெடி டு குக்” என்பான் அவள் கணவன் அருள்தாஸ்.

ஆடி மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கம்பெனியைப் பார்க்க வந்தார். படபடவென்ற பேச்சு. செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“சார், ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்” என்றாள்.

அவர் பதறிப்போனார். “நோ, நோ! யூ ஆர் வெரி கிளியர்!” என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் தொடர்ந்தார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவர் இன்னும் பாராட்டினார். கடைசியில் ஏதோ கேட்டார். அதில் ‘ஹேப்பி டு’ மட்டும் காதில் விழுந்தது.

“எஸ் சார், ஹேப்பி டு!”

அவர் நகர்ந்ததும் பிரியதர்ஷினி ஓடி வந்தாள். “செல்விக்கா, மத்தியானம் மீட்டிங்ல ஒர்க்கர்ஸ் சார்பா பேசுறீங்களான்னு கேட்டாரு. சரின்னுட்டீங்க!”

“ஐயோ மாதாவே! எனக்குப் புரியறது கஷ்டம்னுதான மேடம் சொல்லிக்கினு இருந்தேன்?”

“நீங்க சொன்னது ‘என்னைப் புரிஞ்சிக்கிறது கஷ்டம்’னு ஆயிடுச்சுக்கா. ஹேப்பின்னா சந்தோஷப்படுற ஆளு முன்னாடி வரணும். டிஃபிகல்ட்னா, எது கஷ்டமோ அது முன்னாடி வரணும்.”

“சந்தோஷமும் எனக்குத்தான், கஷ்டமும் எனக்குத்தான். இவனுங்க இன்னாத்துக்குப் பிரிச்சி வெச்சானுங்க?”

சாப்பாட்டு நேரம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அதே லைனில் நிற்கும் செங்கமலம், “உன்ன புரிஞ்சிக்கிறதும் கஷ்டந்தான்டி. அந்தாளுகிட்ட உண்மையத்தான் சொல்லிக்கீற” என்றாள்.

மீட்டிங்கில் செல்வி எழுந்து நின்றாள். “சார், ஐ ஆம் ஹேப்பி டு ஒர்க் ஹியர்” என்று ஆரம்பித்தாள். மூச்சை இழுத்துவிட்டு, “யுவர் இங்கிலீஷ் இஸ் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்” என்றாள்.

மேனேஜர் முகம் வெளிறியது. வாடிக்கையாளரோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, வேலையில் என்ன சிரமம் என்று கேட்டார். இந்த முறை புரிந்தது.

“இட் இஸ் ஹார்ட் டு ஸ்டாண்ட் ஆல் டே, சார்.”

அடுத்த மாதம் லைனுக்கு உயரமான ஸ்டூல்கள் வந்தன. செங்கமலம்தான் முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

“இதுக்கு இங்கிலீஷ்ல இன்னாடி சொல்லணும்?”

“ஐ ஆம் ஹேப்பி டு சிட். சொல்லிட்டு வேலயப் பாரு, பாக்கெட்டு எல்லாம் உன்னத் தாண்டிப் போவுது” என்றாள் செல்வி.