தாயம் விழாமல் இறங்கிய காய்

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் விருதுநகரில் வாக்கப்பட்டு மூன்றாவது வருஷம். மகளுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனோம். கடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். தண்ணீர் உள்வாங்கியிருந்தது. பாறைக் குழிகளில் தேங்கி நின்ற நீருக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் சங்குகள் கிடந்தன. தாயம் ஆடக் காயாகும் என்று ஆறைப் பொறுக்கி, குளித்த ஈரச் சேலையின் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் வீடு வந்ததும் நாத்தனாரோடு ஆட உட்கார்ந்தேன். எனக்குச் சங்கு, அவளுக்குப் புளியங்கொட்டை. சோழியை உருட்டிவிட்டு நிமிர்ந்தால் அவள் முகம் கடுகடுத்திருந்தது.

“மதினி, தாயம் விழாமலே காயை இறக்கிட்டீகளே.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் தொடவே இல்லை என்று சத்தம் போட்டேன். அவளும் விடவில்லை. நாங்கள் மல்லுக்கு நிற்கும்போதே இன்னொரு காயும் தன்பாட்டுக்குக் கட்டம் தாண்டியது. குனிந்து பார்த்தால், ஓட்டுக்குள்ளிருந்து நூல் நூலாகக் கால்கள்! சங்குக்குள் குட்டி நண்டு குடியிருந்திருக்கிறது.

அய்யோ, உயிரையல்லவா அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்! கடல்தண்ணீர் உப்புத்தானே என்று, குடிதண்ணீரில் உப்பைக் கரைத்து இரண்டை விட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் அசைவில்லாமல் கிடந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நண்டுக்கு ஒப்பாரியா என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

தெருமுனையில் வத்தல் லோடு ஏற்றிய லாரி ஒன்று தூத்துக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத டிரைவரிடம் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இனித் தண்ணீரில் போட வேண்டாம், ஈரம் இருந்தால் தாங்கும் என்று சொல்லி, சாக்குத் துண்டு ஒன்றை நனைத்து, மிஞ்சிய நான்கையும் அதில் பொதிந்து தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் லாரி திரும்பிய சத்தம் கேட்டு ஓடினேன். அவரே இறங்கி வந்தார்.

“பாறை இருக்க இடமாப் பாத்து விட்டேன் தாயீ. நாலும் நடந்து போயிருச்சு.”

மெய்தானா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்கும் யாராவது சின்ன விஷயத்துக்குக் கலங்கி என் முன்னால் வந்து நின்றால், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என்ன செய்யலாம் என்றுதான் கேட்கிறேன்.